கடலடியில் கிடைத்த இரும்பு நங்கூரத்தின் வயதை எந்த அளவுக்கு நம்பலாம்?

இங்கிலாந்தின் சஃபோக் கரைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அப்பால், வட கடலில் காற்றாலைகள் அமைப்பதற்கான கடலடி ஆய்வின்போது 2018-இல் கண்டறியப்பட்டு, 2021-இல் மேலே கொண்டுவரப்பட்ட இரும்பு நங்கூரத்தைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 100 கிலோ எடையும் உள்ள அதன் வயது 1600 முதல் 2000 ஆண்டுகள் வரை இருக்கலாம், அதாவது அது ரோமானியர் காலத்ததாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். உப்பு நீரில் இரும்பு அவ்வளவு காலம் எப்படி மிஞ்சும், மிஞ்சியதென்றால் எதை வைத்து வயதைச் சொல்கிறார்கள், பாடுபட்டு மேலே எடுத்ததை ஏன் மறுபடியும் தண்ணீர்த் தொட்டிக்குள் போடுகிறார்கள், இப்படி ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேள்விகளை அடுக்கியிருக்கிறீர்கள். அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே ஐயம் என்று எனக்குத் தோன்றுகிறது: இந்த வயதை நம்பலாமா என்பதே அது. கடலிலிருந்து வரும் உலோகப் பொருள்களைப் பதப்படுத்தும் பணியில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறேன். அகழாய்வு என் துறை அன்று. ஆகவே இரும்புக்கு என்ன நேர்கிறது என்பதை என் பயிற்சியிலிருந்தும், வடிவத்தை வைத்து வயது கணிப்பதைப் பற்றி அத்துறையினரின் ஆய்வுகளிலிருந்தும் சொல்கிறேன். நம்பலாம் என்பதே என் பதில். ஆனால் அந்த வயதை இரும்பு சொல்வதில்லை. இரும்பின் வடிவமும் அதன் அருகில் கிடந்தவையும்தாம் சொல்கின்றன.

உங்கள் ஐயத்துக்கு அடிப்படையான கணக்கு தவறானதன்று. ஆக்சிஜன் கலந்த கடல்நீரில் எந்த மூடாக்கும் இன்றிக் கிடக்கும் இரும்பு, சராசரியாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில் அரிபடும். நங்கூரத்தின் நடுத்தண்டு 6 முதல் 8 சென்டிமீட்டர் தடிமன் என்று கொண்டால், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒருசேர அரிபடுவதால், 300 அல்லது 400 ஆண்டுகளில் அது முழுவதும் தீர்ந்துவிட வேண்டும். இந்தக் கணக்கின்படி ரோமானியர் காலத்து நங்கூரம் எதுவும் இன்று கிடைக்கவே கூடாது. ஆயினும் கிடைக்கின்றன. காரணம், கடலடியில் இரும்பு அப்படி வெறுமையாக நெடுங்காலம் கிடப்பதில்லை என்பதுதான்.

செம்பும் அதன் கலவைகளும் கடல்வாழ் உயிர்களுக்கு நச்சு. இரும்பு அப்படியன்று, அதன்மேல் சுண்ணாம்புப் பாசிகளும் சிப்பிகளும் குழாய்ப்புழுக்களும் தயக்கமின்றிக் குடியேறுகின்றன. அரிபட்டு வெளியேறும் இரும்பு அயனிகள் இந்தச் சுண்ணாம்போடும் சுற்றியுள்ள மணலோடும் சேர்ந்து இறுகி, பாறை போன்ற கனத்த ஓட்டை உண்டாக்குகின்றன. இந்த ஓடு ஆக்சிஜனை இரும்பை எளிதில் நெருங்கவிடாது. அதனால் அரிப்பு மந்தமாகிறது, ஆனால் நின்றுவிடுவதில்லை. ஓட்டுக்கு உட்புறத்தில் நிலைமை வெளிக்கடலுக்கு நேர்மாறானது: வெளியே நீரின் பி.எச். அளவு 8-க்குச் சற்று மேல் இருக்க, உள்ளே அது 5-ஐ ஒட்டி இறங்கி அமிலத்தன்மை அடைகிறது. உப்பிலுள்ள குளோரைடின் செறிவும் வெளிக்கடலில் இருப்பதைவிடப் பல மடங்கு உயர்கிறது. ஆக, நங்கூரம் தன்னைச் சுற்றித் தானே உண்டாக்கிக்கொண்ட அமிலப் பைக்குள் மெல்ல மெல்லக் கரைகிறது. வெதுவெதுப்பான கடல்களில் ஆயிரம் ஆண்டுகள் கடந்தபின் பல சமயங்களில் உலோகம் துளியும் எஞ்சியிருக்காது. ஆனால் ஓடு இரும்பின் புறப்பரப்பை ஒட்டியே உருவானதால், உள்ளே விடுபட்ட வெற்றிடம் பழைய பொருளின் துல்லியமான அச்சாக இருக்கும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று, துருக்கியின் யாசியடா தீவருகே மூழ்கிய ஏழாம் நூற்றாண்டு பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) கப்பல். ஜார்ஜ் பாஸ் தலைமையில் 1961 முதல் 1964 வரை அதை அகழ்ந்தார்கள். அதன் இரும்புப் பொருள்களில் பெரும்பாலானவை வெறும் ஓடுகளாகவே கிடைத்தன. மைக்கேல் காட்சேவ் என்ற ஆய்வாளர் அந்த ஓடுகளை அறுத்து, உள்ளிருந்த கறுப்புக் குழம்பைக் கழுவி நீக்கி, வெற்றிடத்தில் ரப்பர்க் குழம்பை வார்த்து, பின்னர் ஓட்டை உடைத்து எடுத்தார். அன்றைய கருவிகளின் வடிவங்கள் முழுமையாக மீண்டும் கிடைத்தன. இப்போது முதலில் எக்ஸ்-ரே அல்லது சி.டி. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரப்பருக்குப் பதிலாக எபாக்சி பிசினை வார்ப்பது வழக்கம். வரும் கல்போன்ற கட்டியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க விரும்புகிறவர்களை நாங்கள் எவ்வளவு கெஞ்சித் தடுக்கிறோம் என்பது இதிலிருந்து புரியும்: உள்ளே உலோகம் இல்லையென்றால், அந்த ஓடுதான் எஞ்சியிருக்கும் ஒரே ஆவணம்.

இன்னொரு வழியிலும் இரும்பு தப்பலாம்: மூழ்கிய வேகத்திலேயே மணலிலோ சேற்றிலோ புதைந்துவிடுவது. அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு. சல்பேட்டைச் சிதைத்து வாழும் பாக்டீரியாக்கள் அங்கும் இரும்பை அரிக்கும் என்றாலும், திறந்த கடலடியில் நடப்பதைவிட மெதுவாகவே அரிக்கும். குளிர்ந்த வட கடல்களில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான உலோகம் எடையோடு கிடைப்பதை இப்படித்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். குளோரைடு மிகக் குறைந்த நன்னீர்ச் சேறு இன்னும் பாதுகாப்பானது. இத்தாலியின் நேமி ஏரியில், பேரரசர் கலிகுலாவின் (கி.பி. 37–41) இரு பெருங்கப்பல்களை வெளிப்படுத்துவதற்காக 1928 முதல் 1932 வரை ஏரிநீரை வடித்தபோது, மரத்தால் ஆகி ஈயக் குறுக்குத்தடி பூட்டிய நங்கூரம் ஒன்றும், மர உறை போர்த்திய இரும்பு நங்கூரம் ஒன்றும் கிடைத்தன. இரும்பு நங்கூரத்தின் எடை ரோமன் பவுண்டில் அதன்மேலேயே குறிக்கப்பட்டிருந்தது; இன்றைய கணக்கில் 400 கிலோவுக்குச் சற்று மேல். அதன் குறுக்குத்தடியைக் கழற்றி, தண்டோடு சேர்த்து மடக்கி வைக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதுமை என்று பலர் எண்ணியிருந்த அமைப்பு அது. இது கடலடிக் கண்டுபிடிப்பு அன்று. ஆனால் காலம் ஐயமின்றித் தெரிந்த நங்கூரம் என்பதால், கடலில் கிடைப்பவற்றை ஒப்பிட இதைப்போன்ற அளவுகோல்கள் சிலவே உள்ளன. கப்பல்கள் இரண்டும் 1944-இல் தீயில் அழிந்துபோயின.

இனி வயது. பழைய நங்கூரம் ஒரே வார்ப்பில் பிறந்ததன்று. அக்கால மரக்கரி உலையில் இரும்பு உருகி ஓடாது. கசடு கலந்த, துளைகள் நிறைந்த கட்டியாகத்தான் கிடைக்கும். அத்தகைய கட்டிகள் பலவற்றைக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒன்றோடொன்று ஒட்டித்தான் தண்டையும் கடலடியைப் பற்றும் கைகளையும் உருவாக்கினார்கள். இப்படி அடித்து உருவாக்கிய இரும்பைத் தேனிரும்பு என்கிறோம்; அது அரிபடும்போது அந்தக் கசட்டிழைகள் மரத்தின் வரிகளைப்போல எழுந்து நிற்கும். நன்கு அரிபட்ட தண்டைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் மரம் என்றே நினைத்துவிடுவார்கள். ஒட்டுப்போட்ட இடங்களே பலவீனமான இடங்கள். இழுவை அதிகமானால் நங்கூரம் அங்கே முறியும். எனவே கப்பல்கள் ஒன்றிரண்டோடு கடலில் இறங்கவில்லை. யாசியடாக் கப்பலில் 11 நங்கூரங்கள் இருந்தன. நான்கு போடுவதற்கு ஆயத்தமாகப் பக்கவாட்டிலும், ஏழு கப்பலின் நடுவே அடுக்கியும் வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கப்பலின் காலத்தை நங்கூரங்கள் தரவில்லை. கி.பி. 625-26-ஐச் சேர்ந்த, பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் காலத்து நாணயமே அதற்குப்பின் கப்பல் மூழ்கியது என்று காட்டியது. நாணயத்தின் காலத்தை நங்கூரத்துக்கும் பொருத்தினார்கள். துறையின் அறிவு இப்படித்தான் சேர்ந்தது: காலம் தெரிந்த கப்பல்களில் உள்ள நங்கூரங்களை வரிசைப்படுத்தி, தனியே கிடைப்பவற்றை அந்த வரிசையில் பொருத்திப் பார்ப்பது.

அந்த வரிசை சுருக்கமாக இப்படி அமையும். ரோமக் குடியரசுக் காலத்து இரும்பு நங்கூரங்கள் தமக்கு முந்திய மர நங்கூரங்களைப் பின்பற்றி, நேரான கைகள் கூர்கோணத்தில் மேலேறும் வடிவில் இருந்தன. பேரரசுக் காலத்தில் கைகள் பிறைபோல வளைந்தன. பிற்காலத்தில், அதாவது ரோமப் பேரரசின் இறுதியிலிருந்து பைசாந்தியக் காலம் வரை, கைகள் தண்டுக்கு ஏறத்தாழச் செங்கோணத்தில் விரிந்து, நங்கூரம் சிலுவை வடிவம் பெற்றது. யாசியடா நங்கூரங்கள் அந்த வகை. பதினொன்றாம் நூற்றாண்டை எட்டும்போது கைகள் சாய்வாக மேலேறி முனையில் நிமிரும் வடிவம் பரவியிருந்தது. துருக்கியின் செர்செ லிமானியில் மூழ்கி, 1977 முதல் 1979 வரை அகழப்பட்ட, கண்ணாடி ஏற்றிச்சென்ற சரக்குக் கப்பலின் நங்கூரங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. அந்தக் கப்பல் கி.பி. 1025-ஐ ஒட்டி மூழ்கியது. இரும்பு நங்கூரம் ரோமானியரின் புதுமை என்று எண்ண வேண்டாம். கி.மு. 479-இல் நடந்த பிளாட்டியாப் போரில் ஏதென்ஸ் வீரர் ஒருவர் இடைக்கச்சில் இரும்பு நங்கூரத்தைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போரிட்டார் என்று வழங்கிய கதையை ஹெரோடோட்டஸ் பதிந்திருக்கிறார். கதை மிகையாக இருக்கலாம்; ஆனால் அன்றைய கேட்போருக்கு இரும்பு நங்கூரம் புதிய பொருளாக இருக்கவில்லை. கி.மு. 56-இல் பிரான்சின் வடமேற்குக் கரையில் தான் போரிட்ட வெனெட்டியர் என்ற பழங்குடியினர், கயிற்றுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலியில் நங்கூரம் கட்டியதை ஜூலியஸ் சீசர் வியந்து எழுதியிருக்கிறார். அதற்கு ஏறத்தாழச் சமகாலத்தைச் சேர்ந்த, சங்கிலியோடு கூடிய இரும்பு நங்கூரம் ஒன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பல்பரி கோட்டைமேட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்தது. அதுவும் நிலத்தில் கிடைத்ததுதான்.

இந்த வரிசையில் உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வடிவம் நூற்றாண்டுகளைச் சொல்லும், பத்தாண்டுகளைச் சொல்லாது. ஒரு வடிவம் தோன்றிய காலத்தைவிட அது வழக்கொழிந்த காலத்தைச் சொல்வது கடினம், ஏனெனில் இரும்பு விலை உயர்ந்த பொருள். முறிந்ததை மீண்டும் ஒட்டியும், தலைமுறை கடந்து கைமாறியும் பயன்படுத்தினார்கள். நடுநிலக்கடலில் ஒப்பிடுவதற்கு நிறைய எடுத்துக்காட்டுகள் இருப்பதால் கணிப்பு சற்று இறுக்கமாக இருக்கும். வட கடலில் வைக்கிங் காலத்துக்கு முந்தையவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் கிடைத்துள்ளன. நீங்கள் படித்த செய்தியில் வயது 400 ஆண்டு இடைவெளியோடு சொல்லப்பட்டதற்கு அது ஒரு காரணம். அந்த இடைவெளியை நான் குறையாகப் பார்க்கவில்லை, நேர்மையாகப் பார்க்கிறேன். தனியாகக் கிடந்த நங்கூரத்துக்கு ஒரே ஆண்டைச் சொல்லும் அறிவிப்பைத்தான் நீங்கள் ஐயப்பட வேண்டும். அந்தச் செய்தியில் கப்பல் 500, 600 டன் அளவு பெரியதாக இருந்திருக்கலாம் என்றும் இருந்தது. அதை நான் அவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரே கப்பலிலேயே வெவ்வேறு எடையுள்ள நங்கூரங்கள் இருந்திருக்கின்றன. கிடைத்தது பெரியதா, சிறியதா என்பது தனி நங்கூரத்தை மட்டும் பார்த்துத் தெரியாது. தனி நங்கூரம் இருக்கும் இடத்தில் கப்பலும் மூழ்கியிருக்கும் என்ற முடிவும் பலர் செய்யும் பிழை. புயலில் கயிற்றை அறுத்துவிட்டுத் தப்பிய கப்பல்களும், பாறையிடுக்கில் சிக்கியதை விட்டுவிட்டுப் போன கப்பல்களும் ஏராளம். பழைய நங்கூரத் துறைகளின் அடியில் வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது அதனால்தான்.

இரும்பையே நேரடியாகக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதிக்கலாமே என்று கேட்பீர்கள். சோதிக்கலாம். மரக்கரியில் உருவான இரும்பில் அந்த மரத்தின் கார்பன் சிறிதளவு தங்கியிருக்கும். மரம் வளர்வதை நிறுத்தியதிலிருந்து அதிலுள்ள கதிரியக்கக் கார்பன் சீராகக் குறைந்துவருவதால், அந்தக் கார்பனே வயதைச் சொல்லும். தேனிரும்பில் கார்பன் 0.1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிகிராம் கார்பன் பெற அரிபடாத உலோகம் ஒரு கிராம் வேண்டும். கதிரியக்கக் கார்பன் அணுக்களை எண்ணும் இன்றைய முடுக்கி நிறை நிறமாலைமானிகளுக்கு அது போதும். சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. பழைய பெருமரத்தின் உட்பகுதியை எரித்துக் கரி செய்திருந்தால், நங்கூரத்தின் வயது உண்மையைவிட மூத்துத் தெரியும். உலையிலோ உலைக்களத்திலோ நிலக்கரி சேர்ந்திருந்தால் முடிவு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்னே போய்விடும், ஏனெனில் நிலக்கரியில் கதிரியக்கக் கார்பன் எஞ்சியிருப்பதில்லை. பழைய இரும்பைச் சேர்த்து அடித்திருந்தால் இரு காலங்களின் கலவைதான் கிடைக்கும். துருவிலும் ஓட்டிலும் உள்ள கார்பனேட்டோ கடலிலிருந்து வந்தது; அது மாதிரியில் கலந்தால் முடிவே கெடும். இதனால் என் துறையில் இரும்பைவிட இரும்போடு ஒட்டியிருக்கும் கரிமப் பொருளையே பெரிதும் நாடுகிறோம். துரு ஊறியதால் அழியாமல் நின்ற குறுக்குத்தடியின் மரத்துணுக்கோ, வளையத்தில் எஞ்சிய கயிற்று நாரோ கிடைத்தால், அதன் கார்பன் வயது நங்கூரத்தின் கடைசிப் பயன்பாட்டை இன்னும் அருகில் நின்று காட்டும். ஓட்டின் மேல் வளர்ந்த சிப்பியின் வயது நங்கூரத்தின் வயதைச் சொல்லாது. அது நங்கூரம் விழுந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப்பின் வந்து ஒட்டியதாக இருக்கலாம்.

தொட்டியில் மீண்டும் மூழ்கவைப்பதைப் பற்றிய கேள்விதான் என் அன்றாடப் பணியை நேராகத் தொடுவது. எஞ்சிய இரும்பின் நுண்துளைகள் முழுவதும் குளோரைடும் அமிலமும் நிறைந்திருக்கும் என்று மேலே சொன்னேன். கடலடியில் அது ஓரளவு சமநிலையில் இருந்தது. காற்றுப்பட்டு உலரத் தொடங்கியதும் இரும்பு குளோரைடு ஆக்சிஜனோடு சேர்ந்து அகாகனைட் என்ற துருவகையாகப் படிகமாகிறது. அது முன்பிருந்ததைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்து தள்ளி, பரப்பைப் பொருக்குப் பொருக்காக உரிக்கிறது. ஈரக்காற்றில் அத்தகைய இரும்பின்மேல் செம்மஞ்சள் துளிகள் அரும்பிக் கசிவதைக் காணலாம். இரண்டாயிரம் ஆண்டு கடலில் நின்றது கரையில் சில மாதங்களில் துண்டு துண்டாகும். மேற்பரப்பில் இருந்த விவரங்களெல்லாம் அதோடு போய்விடும். ஆகவே எடுத்த கணத்திலிருந்தே ஈரமாக வைத்து, விரைவில் காரக் கரைசலுக்கு மாற்றுகிறோம். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த, பி.எச். 12-க்கு மேற்பட்ட நீரில் இரும்பு அரிபடுவது ஏறத்தாழ நின்றுவிடும். குளோரைடும் மெல்ல வெளியேறத் தொடங்கும். அதே தொட்டியில் மிகக் குறைந்த மின்னோட்டம் செலுத்தி, நங்கூரத்தை எதிர்மின்முனையாக்கினால் அந்த வெளியேற்றம் விரைவுபடும். கரைசலில் சேரும் குளோரைடை அவ்வப்போது அளந்து, கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புதிய கரைசலிலும் அளவு உயராமல் நிற்கும்போதுதான் பணி முடிந்ததாகக் கொள்கிறோம். பெரிய நங்கூரத்துக்கு இது ஆண்டுக்கணக்கில் நீளும். அமெரிக்காவில் ஹன்லி நீர்மூழ்கியைப் பாதுகாக்கும் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வகம், உயர் அழுத்தத்தில் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிய கார நீரில் சிறு பொருள்களின் குளோரைடை மாதங்களுக்குப் பதிலாக வாரங்களில் நீக்கியிருக்கிறது. ஆனால் அழுத்தக் கலனுக்குள் அடங்கும் பொருளுக்குத்தான் அந்த முறை பயன்படும். குளோரைடு நீங்கியபின் கழுவி, உலர்த்தி, டானிக் அமிலமும் மெழுகும் பூசுகிறோம். அதன்பிறகும் ஈரப்பதம் குறைந்த அறையில்தான் வைக்க வேண்டும். கடலிரும்பை முற்றாகக் குணப்படுத்திவிட்டோம் என்று சொல்லும் பதப்படுத்துநரை நான் நம்புவதில்லை.

இந்தச் செலவையும் காலத்தையும் நினைத்துத்தான், எடுக்காமல் விடுவதே பல சமயங்களில் நல்லது என்கிறோம். நூறு ஆண்டுக்கு மேலாக நீரடியில் இருக்கும் மரபுப் பொருளை அது இருக்கும் இடத்திலேயே பாதுகாப்பதை முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையும் சொல்கிறது. கடலுக்குள்ளேயே பதப்படுத்தலைத் தொடங்கவும் வழி உண்டு. 1790-இல் தென் பசிபிக்கிலுள்ள நார்ஃபோக் தீவருகே உடைந்த சிரியஸ் கப்பலின் நங்கூரத்தோடு, இரும்பைவிட எளிதில் அரிபடும் உலோகத் துண்டைக் கம்பியால் இணைத்துக் கடலடியிலேயே விட்டுவைத்தார்கள். அரிப்பை அந்தத் துண்டு ஏற்றுக்கொள்ள, நங்கூரத்திலிருந்து குளோரைடு மெல்ல வெளியேறியது. பின்னர் ஆய்வகத்தில் செலவிட வேண்டிய காலம் அந்த அளவுக்குக் குறைந்தது.

நீங்களோ உங்களுக்குத் தெரிந்த மூழ்குநரோ இப்படி ஒன்றைக் கடலடியில் காண நேர்ந்தால், இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகில் அளவு தெரிந்த ஒரு பொருளை வைத்துப் படம் எடுத்து, அந்த நாட்டின் தொல்லியல் துறைக்கோ கடல்சார் அதிகாரிக்கோ தெரிவித்தால் போதும். சுற்றியுள்ள கல், ஓடு, மரத்துண்டு எதையும் நகர்த்த வேண்டாம். வயதைச் சொல்லப்போவது அவைதாம். மீன்வலையில் சிக்கி ஏற்கெனவே மேலே வந்துவிட்டதென்றால், ஓட்டைச் சுரண்டாமல், நன்னீரில் கழுவி வெயிலில் உலர்த்தாமல், கடல்நீரிலேயே மூழ்கவைத்து, அதுவும் முடியாதபோது கடல்நீரில் நனைத்த துணியைச் சுற்றி நெகிழித் தாளால் மூடி, அவர்கள் வரும்வரை நிழலில் வைத்திருங்கள்.